‘வச்சினாடு’ என்று எழுதினால் மதிப்பெண் குறையுமா?

அலிபிரியில் திருமலைக்கு நடந்து ஏறுகிறவர்களிடம் கற்பூரம் விற்கிறவர் முதலில் தெலுங்கில் விலை சொல்வார். எதிரே நிற்பவர் திருதிருவென்று விழித்தால் தமிழுக்கோ கன்னடத்துக்கோ தாவிவிடுவார். அவருடைய பிள்ளை பள்ளியில் கட்டுரை எழுதும்போது அப்படித் தாவ முடியாது. விடைத்தாளில் ஒரே மொழிதான் செல்லும். அந்த மொழியிலும் ஒரே வகைதான் செல்லும்.

‘வந்தான்’ என்பதற்குத் திருப்பதிப் பக்கத்து வீடுகளில் ‘வச்சினாடு’ என்பார்கள். பாடநூலில் இருப்பது ‘வச்சாடு’. இன்றைய பொதுத் தெலுங்கு, கிருஷ்ணா, குண்டூர், கோதாவரி வட்டாரங்களில் படித்தவர்கள் பேசிய பேச்சிலிருந்து வளர்ந்தது. அங்கே பிறந்த பிள்ளை வீட்டில் பேசுவதை எழுதினாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று. ராயலசீமைப் பிள்ளையோ வினைமுற்றுக்கு வினைமுற்று மாற்றி எழுத வேண்டும். இதில் ஒரு வேடிக்கை உண்டு: பழைய இலக்கியத் தெலுங்குக்கு நெருக்கமானது ‘வச்சினாடு’தான். இன்று பேச்சு வழக்கு என்று சிவப்பு மையில் சுழிக்கப்படும் சொல், நூறு வருஷத்துக்கு முன்னால் தப்பித்திருக்கும்.

நூறு வருஷத்துக்கு முன்னால் இதே கேள்விக்குப் பெரிய சண்டையே நடந்தது. அப்போது சித்தூர் மாவட்டம் சென்னை மாகாணத்தில் இருந்தது. பள்ளி, கல்லூரித் தேர்வுகளில் தெலுங்குக் கட்டுரையை எந்த நடையில் எழுதலாம்? கிரந்திகம் என்ற இலக்கண நடையில் மட்டுமா, மக்கள் பேசும் வியாவகாரிகத்திலுமா? பர்லாகிமிடியின் கிடுகு ராமமூர்த்தி பேச்சு நடைக்காக நின்றார். ஜெயந்தி ராமய்யா பந்துலு எதிரணி. பல்கலைக்கழகம் அமைத்த கட்டுரைக் குழுவின் அறிக்கைக்கு எதிராக, ‘கன்யாசுல்கம்’ எழுதிய குரஜாடா அப்பாராவு 1914இல் நீண்ட மறுப்புக் குறிப்பு ஒன்றைக் கொடுத்தார். அந்தச் சுற்றில் கிரந்திகமே வென்றது. ஆனால் கிடுகு விடவில்லை. கிரந்திகத்தைத் தூக்கிப்பிடித்த பண்டிதர்களின் எழுத்தையே எடுத்துவைத்து, அவர்களாலும் அதைப் பிழையில்லாமல் எழுத முடியவில்லை என்று வரிவரியாகக் காட்டினார். திருத்துகிறவருக்கே கைவராத நடையை வைத்து மாணவனை அளக்கலாமா என்பதே இதற்குள் இருக்கும் கேள்வி. இன்று அவர் பிறந்த ஆகஸ்ட் 29 தெலுங்கு மொழி நாள்.

வட்டார வழக்கோடு வீட்டு மொழியும் வேறாக இருந்தால் சிக்கல் இன்னொரு மடங்கு. நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் பக்கங்களில் தமிழ் பேசும் வீடுகள் ஏராளம். தமிழில் ஒரே ‘க’. தெலுங்கில் அதற்கு நான்கு எழுத்துகள். தமிழ் வீட்டுப் பிள்ளை தெலுங்கு எழுதும்போது அந்த நான்கும் இடம் மாறி விழும். தெலுங்கு வீட்டுப் பிள்ளை தமிழ் எழுதினால் ‘அக்கா வந்தது’ என்று எழுதலாம். தெலுங்கில் ஒருமையில் பெண்ணுக்கும் அஃறிணைக்கும் ஒரே வினைமுடிவு என்பதால் வருவது அது. மதுரைப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளையும் இதையே எழுதக்கூடும். அவன் வீட்டில் ‘அக்கா வந்துச்சு’ என்றுதான் சொல்வார்கள். தாளில் பிழை ஒன்றேதான். முதல் பிள்ளைக்குத் தமிழில் பெண்பால் விகுதி ஒன்று உண்டு என்பதையே கற்றுத்தர வேண்டும். இரண்டாமவனுக்கு அது தெரியும். எழுத்தில் அதைப் பயன்படுத்து என்று சொன்னால் போதும். சுழித்துவிட்டு அரை மதிப்பெண் குறைத்தால் இருவருக்கும் ஒன்றும் விளங்காது.

திருத்துகிறவர்களும் ஒரே மாதிரி படிப்பதில்லை. 1961இல் அமெரிக்காவின் எஜுகேஷனல் டெஸ்டிங் சர்வீஸில் பால் டீடெரிக்கும் உடன் பணியாற்றியவர்களும் கல்லூரி மாணவர்களின் 300 கட்டுரைகளை 53 பேரிடம் கொடுத்து, ஒன்பது தரங்களாகப் பிரிக்கச் சொன்னார்கள். நூற்றுக்கு 94 கட்டுரைகள் ஏழோ அதற்கு மேலோ வெவ்வேறு தரங்களைப் பெற்றன. சிலர் கருத்தைப் பார்த்தார்கள், சிலர் அமைப்பை, சிலர் இலக்கணப் பிழைகளை. எதைப் பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே பேசி வைக்கவில்லை என்பதால் வந்த வினை இது. பேசி வைக்காத இடத்தில் வட்டாரப் பேச்சுக்கார மாணவன்தான் முதலில் அடிபடுவான். பிழை கண்ணை உறுத்தியதும் கருத்தும் மட்டமாகத் தெரியத் தொடங்குகிறது. ஒரே குற்றத்துக்கு இரண்டு அபராதம்.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது, இந்தக் கேள்வி எதைச் சோதிக்கிறது என்பதை. அறிவியல் தாளில் ‘தண்ணி கொதிச்சு ஆவியாகுது’ என்று எழுதியிருந்தால் முழு மதிப்பெண்ணும் கொடுக்க வேண்டியதுதான். கட்டுரை என்றால் கருத்துக்கு இவ்வளவு, மொழிக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொண்டு, முதல் முறை பேனாவை மூடிவைத்துவிட்டுப் படிக்கலாம். இரண்டாவது படிப்பில் மொழியைப் பார்க்கும்போது ஒரே வகைப் பிழை பன்னிரண்டு இடத்தில் வந்தாலும் அது ஒரு பிழைதான். அந்த மாணவனுக்குத் தெரியாத விதி ஒன்றே ஒன்று.

இதையெல்லாம் சொன்னால், அப்படியானால் எதையும் திருத்தவே கூடாதா என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். கி. ராஜநாராயணன் வீட்டில் தெலுங்கு பேசி, கரிசல் தமிழில் எழுதி, 1991இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கவில்லையா என்று எதிர்க்கேள்வி போடுவதும் உண்டு. அந்த வாதம் எனக்குப் பிடிக்கும், ஆனால் இங்கே செல்லாது. கி.ரா.வுக்குப் பொதுநடையும் தெரியும். தெரிந்துகொண்டே விலகி எழுதினார். வேலைக்கான தேர்வு எழுதப்போகும் பிள்ளைக்குப் பொதுநடையைக் கற்றுக்கொடுக்காமல் விடுவதும் அநியாயம்தான். வகுப்பில் எல்லாவற்றையும் திருத்தலாம். திருத்திய இடத்திலெல்லாம் மதிப்பெண்ணை வெட்ட வேண்டும் என்று யார் சொன்னது?

வகுப்பாசிரியருக்கு எந்தப் பிள்ளை எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று தெரியும். பொதுத்தேர்வுத் தாளில் பெயரே இருக்காது. 1960இல் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்துக்கு வந்த திருத்தணியிலும், கர்நாடக எல்லையில் ஓசூரிலும் தெலுங்கு வீட்டுப் பிள்ளைகள் உண்டு. தமிழ்நாட்டின் 2006ஆம் ஆண்டுச் சட்டம் பத்தாம் வகுப்பு வரை தமிழைக் கட்டாயமாக்கிய பிறகு, அந்தப் பிள்ளைகளுக்கு விலக்கு வேண்டும் என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. எங்கோ ஒரு திருத்தும் மையத்தில் அந்தத் தாளைப் பிரிக்கிறவருக்கு ‘அக்கா வந்தது’ எங்கிருந்து வந்தது என்று தெரிய வழியில்லை. அவருடைய நல்ல மனசை நம்பியும் பயனில்லை. கருத்துக்கு எவ்வளவு, மொழிக்கு எவ்வளவு, திரும்பத் திரும்ப வரும் ஒரே வகைப் பிழைக்கு எத்தனை முறை குறைப்பது என்பதை, அவர் கையில் கொடுக்கும் விடைக்குறிப்பிலேயே அச்சிட்டுவிட வேண்டும்.