ஐந்து நிமிட இசிஜி

உள்ளே ஒரு நோய் – 17

உடலுறுப்புகளில் அழற்சி முடிச்சுகளை உண்டாக்கும் சார்காய்டோசிஸ் நோய் உள்ள ஒருவர் திடீரென்று இறந்துபோனால் முதலில் சந்தேகிக்க வேண்டியது நுரையீரலை அல்ல, இதயத்தை. சென்ற வாரம் மார்பு எக்ஸ்ரேயில் தெரியும் நெறிக்கட்டிகளோடு நிறுத்தியிருந்தோம். வறட்டு இருமல், மூச்சு வாங்குதல், கண் சிவத்தல், தோலில் தடிப்பு என்று வெளியே தெரிகிற தொந்தரவு வந்தால் நோயாளியே மருத்துவரைத் தேடிப் போய்விடுவார். இதயத்துக்குள் போன சார்காய்டோசிஸ் அப்படிச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. 1978-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையிலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. சார்காய்டோசிஸ் இருந்து இறந்த 84 பேரின் பிரேதப் பரிசோதனையில், 23 பேரின் இதயத்தசையில் இந்நோயின் அடையாளமான கிரானுலோமா முடிச்சுகள் இருந்தன. உயிரோடு இருக்கும்போது இதயத் தொந்தரவு வெளிப்படுவதோ நூற்றுக்கு ஐந்து பேருக்குத்தான். இந்த இரண்டு கணக்குகளுக்கும் நடுவில் இருப்பவர்களைப் பற்றியதுதான் இந்த வாரக் கட்டுரை.

இதயத்தின் மேலறையில் பிறக்கும் மின்தூண்டல் கீழறைகளுக்கு இறங்க ஒரே ஒரு பாதைதான் உண்டு. கீழறைகளைப் பிரிக்கும் சுவரின் மேற்பகுதி வழியாக அது போகிறது. சார்காய்டோசிஸ் முடிச்சுகள் விரும்பி உட்காருவதும் அந்த இடத்தில்தான். ஊருக்கு வரும் ஒற்றை மின்கம்பியின் மேல் மரம் சாய்ந்தாற்போல, கீழறைக்குச் சேதி போவது தாமதமாகும். ஒரு கட்டத்தில் நின்றே போகும். துடிப்பு நிமிடத்துக்கு முப்பது, நாற்பது என்று இறங்க, ஆள் சுருண்டு விழுவார். இன்னொரு ஆபத்து, முடிச்சு ஆறிய இடத்தில் உண்டாகும் தழும்பு. மின்னோட்டம் அதைச் சுற்றிச் சுற்றி வர ஆரம்பித்தால் இதயம் தறிகெட்டு ஓடும். திடீர் மரணத்துக்கு வழி இதுதான். மூன்றாவது வகையில் தசை மெல்ல மெல்ல வலுவிழந்து கால் வீங்கும், படுத்தால் மூச்சு முட்டும்.

தர்மபுரிப் பக்கம் வயலில் ஒருவர் மயங்கி விழுந்தால் காரணம் சொல்ல ஊரே கூடிவிடும். காலையில் சாப்பிடவில்லை, வெயில் ஏறிவிட்டது, பித்தம், பிரஷர் குறைந்துவிட்டது. ஒரு சோடா, கொஞ்சம் உப்பு போட்ட மோர், அத்தோடு விஷயம் முடிந்தது. பெரும்பாலான மயக்கங்களுக்கு இந்த விளக்கம் சரியாகவும் இருக்கும். ஆனால் சார்காய்டோசிஸ் என்று ஏற்கெனவே உறுதியான ஒருவருக்கு வரும் மயக்கத்துக்கு இந்த விளக்கத்தை யாரும் ஏற்கக்கூடாது. வயிறு காலியாக இருந்தாலும், வெயில் உச்சியில் இருந்தாலும், அன்றைக்கே இசிஜி எடுத்தாக வேண்டும்.

அறிகுறியே இல்லாதவர்களுக்கு என்ன செய்வது? இதில் நிபுணர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. இதயத்துடிப்பு வல்லுநர்களின் அமைப்பான ஹார்ட் ரிதம் சொசைட்டி 2014-இல் வெளியிட்ட அறிக்கை, படபடப்பும் மயக்கமும் உண்டா என்று கேளுங்கள், இசிஜி எடுங்கள், எக்கோ என்னும் இதய ஸ்கேனும் பாருங்கள் என்றது. 2020-இல் அமெரிக்க நெஞ்சக நோய்ச் சங்கம், அறிகுறி இல்லாதவருக்கு இசிஜி போதும், எக்கோவும், நாள் முழுக்கத் துடிப்பைப் பதியும் ஹோல்டரும் எல்லோருக்கும் வழக்கமாக வேண்டியதில்லை என்றது. அதற்கான ஆதாரம் மிக வலுவற்றது என்பதையும் அதே வழிகாட்டி ஒப்புக்கொள்கிறது. இரண்டும் ஒத்துப்போகிற இடம் இசிஜி. பென்னாகரம், அரூர், பாலக்கோடு அரசு மருத்துவமனைகளிலேயே அது முடிந்துவிடும் காரியம். எக்கோவுக்குத் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வரை வந்தால் போதும். வசதி இவ்வளவு அருகில் இருக்கும்போது எக்கோவையும் ஒருமுறை பார்த்துவிடுவதே நல்லது என்பது என் கட்சி.

இசிஜி தாளில் மருத்துவர் தேடுவது சில விஷயங்களைத்தான்: மேலறைக்கும் கீழறைக்கும் இடைப்பட்ட நேரம் நீண்டிருக்கிறதா, வலது அல்லது இடது மின்கிளையில் தடை உண்டா, இடையிடையே தாளம் தப்பிய துடிப்புகள் விழுகின்றனவா. இவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் பெரிய ஸ்கேனுக்காகப் பெங்களூருக்கு ஓட வேண்டாம். ஆனால் இன்று சுத்தமாக வந்த இசிஜி அடுத்த வருடத்துக்கு உத்தரவாதம் தராது. பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் கேள்வியும் இசிஜியும் தொடரட்டும்.

நோய் உறுதியானதும் ஆபத்தை எளிய சோதனையால் கண்டறிவது நம் மாநிலத்துக்குப் புதிய பழக்கமும் இல்லை. 2022-இல் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்ட'த்தில், நோய் உறுதியானவுடனே எடை, கால் வீக்கம், மூச்சு வேகம், ரத்த ஆக்சிஜன், துணையின்றி நிற்க முடிகிறதா என்று பார்த்து ஆபத்தில் இருப்பவரைப் பிரித்தெடுக்கிறார்கள். பெரிய கருவி எதுவும் இல்லாமல் நடக்கிற வேலை. சார்காய்டோசிஸ் சீட்டில் ஓர் இசிஜியைச் சேர்ப்பது அதைவிடக் கடினமானதல்ல.

காசநோயைச் சொன்னதும் இந்தியாவுக்கே உரிய சிக்கல் வந்துவிடுகிறது. சென்னையில் மருத்துவர் ஆர்.வி. ராஜம் போன்றவர்கள் 1950-களிலேயே சார்காய்டோசிஸைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் நெறிக்கட்டியையும் கிரானுலோமாவையும் பார்த்தால் நம் ஊரில் முதலில் நினைவுக்கு வருவது காசநோய்தான். இதயத்திலும் அப்படியே. ஹைதராபாத் கேர் மருத்துவமனையில் சி. நரசிம்மன் குழுவினர், கீழறையிலிருந்து கிளம்பும் அதிவேகத் துடிப்போடு வந்தவர்களை ஆராய்ந்து 2011-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இதயம் சுருங்கி விரியும் வலு அவர்களுக்குக் குறையவில்லை. ஆனால் நெஞ்சுக்குள் நெறி கட்டியிருந்தது. அந்த நெறியிலிருந்து சதை எடுத்துப் பார்த்தபோது சிலருக்குக் காசநோய், சிலருக்கு சார்காய்டோசிஸ். ஒன்றுக்குக் காசநோய் மாத்திரை, மற்றதற்கு ஸ்டீராய்டு. மாற்றிக் கொடுத்தால் விபரீதம். இதயத்திலிருந்தே சதை எடுக்கலாமே என்று தோன்றும். முடிச்சுகள் திட்டுத்திட்டாக இருப்பதால் நாலில் ஒருவருக்குத்தான் அது அகப்படுகிறது. அதனால்தான் நெறியைத் தேடிப் போகிறார்கள்.

இசிஜியில் கோளாறு தெரிந்தால் அடுத்த கட்டம் இரண்டு ஸ்கேன்கள். எம்.ஆர்.ஐ. இதயத்தசையில் தழும்பையும் பாதிப்பையும் காட்டும். பெட் ஸ்கேன் இப்போது எரிந்துகொண்டிருக்கும் அழற்சியைக் காட்டும். இதற்கு வேலூர், பெங்களூரு என்று போக வேண்டியிருக்கும். பெட் ஸ்கேனுக்குப் போகிறவர்கள் ஒன்றை மனதில் நிறுத்த வேண்டும். ஊசியில் ஏற்றுவது கதிரியக்கச் சர்க்கரை. அழற்சி உள்ள இடம் அதை உறிஞ்சி ஒளிரும். ஆனால் நல்ல இதயத்தசையும் சர்க்கரை கிடைத்தால் எடுத்துக்கொள்ளும். அப்போது இதயம் முழுக்க ஒளிர்ந்து, படத்தில் ஒன்றும் பிரித்தறிய முடியாது. அதைத் தடுக்க முந்தைய நாள் மாவுச்சத்தை அறவே விலக்கி, கொழுப்பு மிகுந்த உணவைச் சாப்பிட்டு, பிறகு பட்டினி இருக்கச் சொல்வார்கள்.

தர்மபுரிக்காரருக்கு இது லேசான காரியமில்லை. கேழ்வரகுக் களி, சாமைச் சோறு, இட்லி, பழம், பால் காப்பி எதுவும் கூடாது. முட்டை, மீன், கறி, நெய், எண்ணெய் ஆகும். "களி சர்க்கரைக்கு நல்லதாச்சே" என்று வீட்டில் அன்போடு ஒரு உருண்டை போட்டாலும், பஸ் ஸ்டாண்டில் ஒரு டீயும் பிஸ்கட்டும் உள்ளே போனாலும், ஆயிரக்கணக்கான ரூபாயும் ஒரு நாள் கூலியும் வீண். இருமல் டானிக்கிலும் சர்க்கரை இருக்கிறது. சைவம் சாப்பிடுகிறவர்களும் இன்சுலின் போடுகிறவர்களும் தேதி வாங்கும்போதே ஸ்கேன் மையத்தில் கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

எதிர்த் திசையிலிருந்தும் இதைப் பார்க்க வேண்டும். நாற்பது வயதில் ஒருவருக்கு மின்பாதை முழுதாகத் தடைபட்டு பேஸ்மேக்கர் வைக்கிறார்கள். ஏன் வந்தது என்று யாரும் கேட்பதில்லை. பின்லாந்தில் 2011-இல் வெளியான ஆய்வில், இப்படிக் காரணம் தெரியாமல் பேஸ்மேக்கர் வைக்கப்பட்ட 18 முதல் 55 வயதுக்குட்பட்ட 72 பேரில் 14 பேருக்கு இருந்தது இதய சார்காய்டோசிஸ். பேஸ்மேக்கர் துடிப்பைத் தாங்கிப் பிடிக்கும், அழற்சியை ஆற்றாது. அதிவேகத் துடிப்பை அடக்க மின்னதிர்ச்சி தரும் ஐ.சி.டி. கருவி சிலருக்குத் தேவைப்படலாம். உள்ளே கருவி போன பிறகு எம்.ஆர்.ஐ. படமும் தெளிவாக வராது. ஆகவே அவசரம் இல்லாத நிலையில், "கருவி வைப்பதற்கு முன் ஸ்கேன் எடுக்கலாமா டாக்டர்?" என்று குடும்பத்தார் கேட்பதில் தவறே இல்லை.

கடைசியாக, அந்தத் தாளைப் பற்றி. இசிஜி தாள் வெப்பம் பட்டால் அச்சாகும் வகை. தகரக் கூரை வீட்டில், பீரோ மேல் ஒரு கோடை கிடந்தால் கோடுகள் மங்கிவிடும். எடுத்த அன்றே செல்போனில் படம் பிடித்து, தேதியைக் குறித்து, ஒரு ஜெராக்ஸும் போட்டு வையுங்கள். அடுத்த வருடம் மருத்துவருக்கு வேண்டியது புது இசிஜி மட்டுமல்ல, அதோடு ஒப்பிட பழையதும்.

(அடுத்த வாரம்: ஸ்டீராய்டு மாத்திரையும் சர்க்கரை நோயும்)