பறித்தவர் பெயர் இல்லாத இலை

ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் நின்றபடி பால்கோவாவை வாயில் போட்டேன். இனிக்கவில்லை. பால் வாசம் இருந்தது, திரண்ட பதம் இருந்தது. சர்க்கரையை மட்டும் யாரோ உருவி எடுத்துவிட்டதுபோல, நனைந்த மாவாக நாக்கில் கிடந்தது. கொஞ்சம் முன்னால்தான் இரண்டு சிறுகுறிஞ்சான் இலைகளை மென்று துப்பியிருந்தேன். அரை மணி நேரம் கழித்து மிச்சப் பொட்டலத்தைப் பிரித்தபோது இனிப்பு திரும்பியிருந்தது.

அந்த இலைகளைக் காலையில் செண்பகத்தோப்பில் பளியர் பழங்குடியைச் சேர்ந்த ஒரு பெரியவர் கொடுத்தார். குடியிருப்பு வேலியில் படர்ந்திருந்த கொடியிலிருந்து பறித்தவை. முந்தின நாள் ராஜபாளையத்தில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய சிறுகுறிஞ்சான் பொடியை அவரிடம் காட்டினேன். உள்ளங்கையில் கொட்டி முகர்ந்து பார்த்தார். “எங்க பறிச்சது, எந்த மாசம் பறிச்சதுன்னு கேட்டீங்களா தம்பி?” என்றார். நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கடைக்காரருக்குத் தெரிந்திருக்காது.

அந்தக் கேள்விதான் என்னை இந்தக் கட்டுரை முழுக்க விரட்டுகிறது.

சிறுகுறிஞ்சானுக்குச் சர்க்கரைக்கொல்லி என்று இன்னொரு பெயர். நாக்கில் அது செய்யும் வேலையை 1847-லேயே ஆங்கிலத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள். 1887-ல் ஊட்டியில், சின்கோனா பட்டையின் குவினைனை ஆராய அரசு அமர்த்தியிருந்த வேதியியலாளர் இந்த இலையையும் எடுத்துப் பார்த்தார். இலைச் சாற்றில் அமிலம் விட்டால் சாறு கலங்கி, அடியில் ஒரு பொருள் படியும். இனிப்பை மறைப்பது அதுதான். ஜிம்னெமிக் அமிலம் என்று பெயர் வந்தது. பின்னால் பிரித்துப் பார்த்தபோது அது தனி ஒரு பொருளாக இல்லை. நுரை தரும் சபோனின் வகையைச் சேர்ந்த பெரிய குடும்பமே இருந்தது. நாக்கில் இனிப்பை உணரும் ஏற்பிகளில் அவை ஒட்டிக்கொண்டு சர்க்கரைக்கு வழிவிடாமல் நிற்கின்றன. குடல் சர்க்கரையை உறிஞ்சுவதையும் மட்டுப்படுத்துவதாக விலங்குகளிடம் செய்த சோதனைகள் காட்டின.

மனிதரிடமும் பார்த்தார்கள். 1990-ல் சென்னையிலிருந்து வெளியான ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 22 பேருக்கு வழக்கமான மருந்தோடு தினம் 400 மில்லிகிராம் இலைச் சாரம் கொடுக்கப்பட்டது. 18 முதல் 20 மாதங்களில் அவர்களில் 5 பேரால் பழைய மருந்தை விட்டுவிட்டுச் சாரத்தை மட்டும் கொண்டே சமாளிக்க முடிந்தது. நல்ல செய்திதான். ஆனால் 22 பேர் என்பது சின்னக் கணக்கு. இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

கல்லூரி ஆய்வகங்களில் இன்று நடப்பது இதுதான்: இலையை நிழலில் உலர்த்தி, அரைத்து, சாரம் இறக்கும் சாக்ஸ்லெட் கருவியில் வைக்கிறார்கள். முதலில் ஹெக்ஸேன், மெழுகும் கொழுப்பும் அதில் கழன்றுவிடும். அடுத்து எத்தில் அசிடேட், கடைசியில் மெத்தனால். ஒவ்வொரு கரைப்பானும் தனக்கு இணங்கியதை மட்டும் இழுத்து வரும். பிறகு அந்தச் சாரம் கிருமியைத் தடுக்கிறதா என்று பார்க்க, கிருமி வளரும் தட்டில் வைத்து, சுற்றிலும் எத்தனை மில்லிமீட்டர் கிருமி வளராமல் தெளிந்திருக்கிறது என்று அளக்கிறார்கள். உழைப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நான் புரட்டிய ஆய்வேடுகள் பலவற்றில் இலை வந்த வழி ஒரே வரியில் முடிந்துபோகிறது: உள்ளூர்ச் சந்தையில் வாங்கப்பட்டது. எந்த மலைச்சரிவு, மழைக்கு முன்பா பின்பா, முற்றலா கொழுந்தா, ஒன்றும் இல்லை. மண்ணும் பருவமும் மாறினால் இலைக்குள் இருக்கும் வேதிப்பொருளின் அளவும் மாறும். பெரியவர் கேட்டது வேதியியல் கேள்வி.

ராஜபாளையத்தை ஒட்டிய சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணி சுருளாகி மருந்துக்கடைக்கு வரும்போது அதன் உறையில் தொகுதி எண்ணும் தயாரித்த மாதமும் இருக்கும். புண்ணின் மேல் சுற்றும் துணிக்கு இத்தனை கவனம். வயிற்றுக்குள் போகும் இலைப் பொடியைச் செய்தித்தாளில் மடித்துத் தருகிறார்கள்.

பயிரிட்டு, ஒரே தரத்தில் பொடியாக்கினால் தீர்ந்தது என்பாரும் உண்டு. அந்த முதல் கன்று எந்தக் காட்டுக் கொடியிலிருந்து வர வேண்டும் என்பதற்கும் பளியரிடம்தானே போக வேண்டும்?

அகத்தியர் மலையின் கேரளப் பக்கத்தில் ஒரு முறை, செடியைக் காட்டியவருக்கு உரியதைக் கொடுக்கப் பார்த்தார்கள். 1987-ல் காட்டுக்குள் போன ஆய்வாளர்கள் களைத்துப்போக, வழிகாட்டிய காணி பழங்குடியினரோ ஒரு செடியின் பழத்தைத் தின்றுகொண்டு தெம்பாக நடந்தார்கள். ஆரோக்கியபச்சை என்ற அந்தச் செடியிலிருந்து ஜீவனி என்ற மருந்து உருவானது. உரிமக் கட்டணத்திலும் ராயல்டியிலும் பாதி காணி மக்களுக்கு என்று முடிவாகி, 1997-ல் அவர்களுக்கென அறக்கட்டளை அமைந்தது. குறைகள் இருந்தன. ஆனாலும் சொன்னவர் யார் என்பது பதிவானது.

இன்று அதுவும் கடினமாகி வருகிறது. 2002-ன் பல்லுயிர்ச் சட்டம், அறிவைத் தந்த மக்களோடு பலனைப் பகிரச் சொன்னது. 2023 திருத்தமோ, ஏட்டில் ஏறிய மரபு அறிவைப் பயன்படுத்துவோருக்கு விலக்கு தந்துவிட்டது. சிறுகுறிஞ்சான் சித்த மருத்துவ ஏடுகளில் இருக்கிறது. எந்தச் சரிவின் கொடி எப்போது கசக்கும் என்பது ஏட்டில் இல்லை. செண்பகத்தோப்பிலும் அய்யனார் கோவில் பக்கமும் சில முதியவர்களின் நினைவில் இருக்கிறது. காட்டுக்குள் போகும் வாய்ப்பு குறைந்துபோன பேரப்பிள்ளைகளுக்கு அது எப்படிப் போய்ச் சேரும்?

உள்ளாட்சிகளில் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு வைக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. இந்த மலையடிவாரத்தின் கல்லூரி மாணவர்கள் ஒரு விடுமுறையை அதற்குக் கொடுக்கலாம்: செடி, இடம், மாதம், பறித்தவர், சொன்னவர்.

பெரியவர் கொடுத்த இலைகளில் நான்கைச் செண்பகத்தோப்பிலேயே செய்தித்தாள் மடிப்பில் வைத்து அழுத்தினேன். ஓரத்தில் இடத்தையும் தேதியையும் எழுதினேன். பெரியவர் தன் பெயரைச் சொன்னார். தகப்பனார் பெயரையும் சேர்த்து எழுதச் சொன்னார், கொடியைக் காட்டிக்கொடுத்தது அவர்தானாம். பத்திரிகையில் போட வேண்டாம் என்றார். அதனால் இங்கே இல்லை. இலையோடு ஆய்வகத்துக்குப் போகும் தாளில் இரண்டு பெயர்களும் இருக்கின்றன.