கசெற்றில் இருக்கும் குரலைக் கணினிக்கு மாற்றுவது எப்படி?

போர்க்காலத்தில் எங்கள் வீடுகளில் கசெற் என்பது பாட்டுக் கேட்கும் பொருள் மட்டுமல்ல. 1990 இல் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையால் பற்றறியும் கிடைக்கவில்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் வானொலியும் ரேப் றெக்கோடரும் இயங்கின. வெளிநாட்டுக்குப் போன பிள்ளை கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பியதும், கலியாண வீட்டில் பதிந்ததும் கசெற்றில்தான். இடப்பெயர்வில் படங்களை இழந்த குடும்பத்துக்கு, இறந்தவரின் அல்லது காணாமல் ஆக்கப்பட்டவரின் குரல் அந்த ஒரு கசெற்றில் மட்டுமே இருக்கக்கூடும்.

அந்தக் குரல் நிரந்தரமானதல்ல. பிளாஸ்ரிக் நாடாவில் பூசப்பட்ட காந்தத் துகள்களே ஒலியைத் தாங்குகின்றன. வெப்பமும் ஈரமும் அந்தப் பூச்சைக் கெடுக்கும். ஆகவே நாடா ஓடும் நிலையில் இருக்கும்போதே ஒலியைக் கணினிக்கு மாற்றிவிடுவது நல்லது.

முதலில் கசெற்றை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நாடாவில் வெள்ளைப் பூஞ்சணம் தெரிந்தால் அதை றெக்கோடரில் போடக்கூடாது. நாடா அறுவதோடு, பூஞ்சணம் மற்றக் கசெற்றுகளுக்கும் பரவும். அதனைத் தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்விக்க வேண்டும். நாடா நன்றாக இருந்தால், மேல் விளிம்பில் உள்ள இரண்டு சிறிய பிளாஸ்ரிக் துண்டுகளையும் உடைத்துவிடுங்கள். பிறகு தவறுதலாகப் பதிவு விசையை அழுத்தினாலும் பழைய ஒலி அழியாது. றெக்கோடர் சரியாக ஓடுகிறதா என்பதை முக்கியமில்லாத ஒரு பாட்டுக் கசெற்றில் சோதித்துக் கொள்ளுங்கள்.

அடுத்தது இணைப்பு. றெக்கோடரின் இயர்போன் துளையிலிருந்து கணினியின் ஒலி உள்ளீட்டுத் துளைக்கு, இரு முனையிலும் 3.5 மில்லிமீற்றர் செருகி உள்ள வயர் போதும். மடிகணினியில் ஒரு துளை மட்டுமே இருந்தால், ஒலி உள்ளீடு உள்ள சிறிய யுஎஸ்பி ஒலி இணைப்பி ஒன்று தேவைப்படும்.

பதிவு செய்ய ஓடாசிற்றி என்ற இலவச மென்பொருள் உண்டு. அதனை அதன் சொந்தத் தளத்திலிருந்தே தரவிறக்கி நிறுவுங்கள். திறந்ததும் பதிவுக் கருவியாக நீங்கள் இணைத்த உள்ளீட்டைத் தெரிவு செய்யுங்கள். கசெற்றில் சத்தம் கூடிய இடத்தை ஓடவிட்டு, ஒலிமானி மறை 6 டெசிபலைத் தாண்டாதபடி றெக்கோடரின் சத்தத்தைக் குறையுங்கள். அளவு மீறிப் பதிவானால் குரல் கிழியும், பிறகு திருத்த முடியாது. 60 நிமிடக் கசெற்றில் ஒரு பக்கம் 30 நிமிடம். இடையில் நிறுத்தாமல் ஒரு பக்கத்தை முழுதாகப் பதியுங்கள்.

பதிந்ததை வேவ் கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள். இறுவட்டுத் தரத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 மெகாபைற் இடம் எடுக்கும். இதுவே மூலப்பிரதி. தொலைபேசியில் அனுப்புவதற்கு எம்பி3 பிரதி ஒன்றைத் தனியாக எடுக்கலாம்.

இரைச்சலை நீக்கும் வசதியும் ஓடாசிற்றியில் உண்டு. ஆனால் மூலப்பிரதியில் அதைச் செய்ய வேண்டாம். இரைச்சலோடு குரலின் மூச்சும் போய்விடும். பின்னால் கேட்கும் காகத்தின் சத்தமோ அடுப்படிச் சத்தமோ அந்த வீட்டுக்குச் சொந்தமானது. பிரதி ஒன்றில் மட்டும் முயன்று பாருங்கள்.

கேட்பதற்கு விஎல்சி என்ற இலவச இயக்கி போதும். கணினி ஒலிபெருக்கியில் இரைச்சல் கூர்மையாகக் கேட்டால், விசைப்பலகையில் கொன்ரோல் விசையோடு ஈ எழுத்தை அழுத்துங்கள். அங்கே சமப்படுத்தியை இயக்கி, வலது ஓரத்து உயர் அதிர்வெண்களைக் குறைத்து, நடுப்பகுதியைச் சற்று உயர்த்தினால் பழைய றேடியோப் பெட்டியின் ஒலிபோல வரும். இது கேட்கும்போது மட்டும் நடக்கும் மாற்றம். கோப்பு அப்படியே இருக்கும்.

மூலப்பிரதியை இரண்டு வன்தட்டுகளில் வையுங்கள். ஒன்று வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டில் இருக்கட்டும். ஒரே இடத்தில் இருந்தவை ஒரே நாளில் போனதை நாங்கள் பலமுறை கண்டவர்கள். கசெற்றையும் எறிந்துவிட வேண்டாம்.

பகிர்வதற்கு முன் முழுவதையும் ஒருமுறை கேளுங்கள். உயிரோடு இருக்கும் வேறு ஆட்களின் பெயரும் வீட்டுக் கதையும் அதில் இருக்கலாம். அவர்களைக் கேட்காமல் சமூக வலைத்தளத்தில் போடுவது சரியல்ல. ஊர்க்கூத்து, நாடகம் போன்ற பொதுப் பதிவென்றால், 2005 இல் தொடங்கி ஈழத்து ஆவணங்களை எண்ணிம வடிவில் சேகரித்துவரும் நூலகத்தைத் தொடர்பு கொள்ளலாம்.

கடைசியாக, கோப்பின் பெயரில் பேசுபவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று எழுதுங்கள். தெரியாவிட்டால் வீட்டில் உள்ள மூத்தவர்களுக்குப் போட்டுக் காட்டிக் கேளுங்கள். அந்தக் குரலை அடையாளம் சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும்.