நார்மன் பெயிண்டிங் என்னும் வானொலி நடிகர்

நடிப்புத் தொழிலிற் புகழ்பெற விழைவோர் இன்று அரசனாகவும் நாளை ஆண்டியாகவும் பற்பல வேடம் புனைவதையே பெருமையாகக் கொள்வர். தம் வாழ்நாளிற் பெரும்பகுதியும் ஒரே மனிதனாக நடித்து, முகத்தையுங் காட்டாது, குரல் ஒன்றினாலேயே ஒரு தேசத்தாரின் உள்ளத்தில் இடம் பெற்ற ஒருவரும் உளர். அவரே இங்கிலாந்து தேசத்து நார்மன் பெயிண்டிங் என்பார்.

அவர் நடித்தது முடிவின்றித் தொடரும் குடும்பக்கதை நாடகம். இவ்வகை நாடகங்களை மேல்நாட்டார் 'சோப் ஆப்பெரா' என வழங்குவர். 1930-களில் அமெரிக்க வானொலியில் சோப்பு உற்பத்தி செய்வோர் தம் சரக்கை விளம்பரஞ் செய்யும்பொருட்டு இவற்றிற்குப் பொருளுதவி செய்தமையின் இப்பெயர் வழங்கலாயிற்று. இங்கிலாந்தின் பி. பி. ஸி. ஒலிபரப்பிலோ விளம்பரத்துக்கு இடமில்லை. ஆங்கே இந்நாடகம் வேறொரு நோக்கத்தோடு பிறந்தது.

இரண்டாம் உலகயுத்தம் 1945-இல் முடிந்தும் அந்நாட்டில் உணவுப் பங்கீடு 1954 வரை நீங்கவில்லை. நிலத்தின் விளைவைப் பெருக்குதல் இன்றியமையாததாயிற்று. உழவர்க்குப் புதிய முறைகளை அறிவுறுத்த விரும்பிய காட்பிரே பேஸ்லி என்பார், 1948-இல் பர்மிங்ஹாம் நகரிற் கூடிய விவசாயிகளின் யோசனையைக் கேட்டார். மர்மக்கதை கேட்கும் ஆவலோடு உழவுச் செய்தியையுங் கேட்குமாறு செய்தல் வேண்டும் என்னுங் கருத்து அக்கூட்டத்தில் எழுந்தது. அதன் பயனாக 1950 மே மாதம் 29-ஆம் நாள் 'ஆர்ச்சர் குடும்பத்தார்' என்னும் நாடகம் சோதனையாகத் தொடங்கிற்று. 1951 ஜனவரி முதல் நாளிலிருந்து நாடெங்கும் ஒலிபரப்பாயிற்று. ஆம்பிரிட்ஜ் என்னுங் கற்பனைக் கிராமத்தில் வாழும் உழவர் குடும்பமொன்றின் கதை அது. அக்குடும்பத்து மகனாகிய பில் ஆர்ச்சர் என்பானாக முதல் நாளிலேயே பேசியவர் பெயிண்டிங்.

அவர் 1924 ஏப்ரல் 23-ஆம் நாள் லெமிங்டன் ஸ்பா என்னும் ஊரிற் பிறந்தார். பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியத்தில் முதல் வகுப்பிலே தேறினார். பின்னர் ஆக்ஸ்போர்டிற் கிறைஸ்ட் சர்ச் கல்லூரியில் ஆராய்ச்சி மாணவராய் அமர்ந்து, ஆங்கிலோ ஸாக்ஸன் என்னும் பழைய மொழியிற் பயின்றார். 1949-இல் பி. பி. ஸி.யிற் சேர்ந்தார். பேராசிரியராதற்கு உரிய கல்வியுடைய ஒருவர், பன்றி வளர்ப்பும் பால் விலையும் பேசும் உழவனாக ஒலிபெருக்கி நிலையத்தில் நிற்பது வீணன்றோ என வினவுவாரும் உண்டு. அவ்வினாவுக்கு விடை அவர் செய்த வேலையிலேயே காணப்படும்.

மேடை நடிகர்க்கு அரிதாரமும் ஆடையுந் துணை. வானொலி நடிகர்க்கோ கையிலுள்ள ஏடும் எதிரிலுள்ள ஒலிவாங்கியுமே உண்டு. பண்ணையின் படல் திறக்கும் ஓசை, துணிக்கு இஸ்திரி போடும் பழைய பலகையொன்றைக் கிறீச்சிடச் செய்வதால் உண்டாவது. இத்தகைய உபாயங்களுக்கு நடுவில் நின்று பேசும் பேச்சு, உண்மைப் பேச்சாகவே கேட்போர் செவியிற் படல் வேண்டும். சிறிது மிகைப்படினும் பொய் வெளிப்பட்டுவிடும்.

1955 செப்டம்பர் 22-ஆம் நாள், விளம்பர வருவாயால் நடைபெறும் தொலைக்காட்சி அந்நாட்டில் முதன்முதல் தொடங்கிய இரவில், நாடகத்திற் பில்லின் இளமனைவி கிரேஸ், தீப்பற்றிய இலாயத்திலிருந்து குதிரையை மீட்கப் புகுந்து உயிர் துறந்தாள். மக்கள் கவனம் புதிய தொலைக்காட்சியிற் செல்லாதிருக்கவே அந்நாள் தெரிந்தெடுக்கப்பட்டது என்பர். அதனைக் கேட்டோர் ஏறத்தாழ 2 கோடியர் எனக் கூறப்படுகிறது. சொந்த வீட்டில் இழவு நேர்ந்தாற்போல் அவர்கள் வருந்தினர். மனைவியை இழந்த கணவனின் குரலாக அன்று ஒலித்தவர் பெயிண்டிங்கே.

கதையிற் பில் மறுமணஞ் செய்தான். மக்கள் நால்வரைப் பெற்றான். தந்தையின் பண்ணையை ஏற்றான். முதுமையில் அதனைத் தன் மகனிடம் ஒப்புவித்தான். நடிகருடைய குரலும் அவனோடு உடன் முதிர்ந்தது. பில்லின் தந்தையாகிய டான் என்பவனாக, ஒருவர்பின் ஒருவராக நால்வர் நடித்தனர். மகனாக நடித்தவர் இறுதிவரை ஒருவரே. நடிப்பதோடமையாது, புரூனோ மில்னா என்னும் புனைபெயரில் ஏறத்தாழ 1,200 பகுதிகளை அவரே எழுதியும் உதவினார். 1976-இல் ஓ. பி. இ. என்னும் அரசாங்க விருது அவர்க்கு வழங்கப்பட்டது. ஒரே தொடர் நாடகத்தில் மிக நீண்டகாலம் நடித்தவர் என்று கின்னஸ் நூலும் அவரைக் குறித்தது.

2009 அக்டோபர் 29-ஆம் நாள், தமது 85-ஆம் வயதில், அவர் காலமானார். அதற்கு இரண்டு நாள் முன்னரும் ஒலிப்பதிவுக்கு வந்து தம் பகுதியைப் பேசிச் சென்றார். அவர் இறந்த பின்னர், நவம்பர் 22-ஆம் நாள் அக்குரல் கடைசி முறையாக வானொலியில் ஒலித்தது. 59 ஆண்டுகள் பேசிய அக்குரலுக்குப் பதிலாக வேறொருவரை அமர்த்த ஆசிரியர்கள் எண்ணவில்லை. 2010 பிப்ரவரியில் நாடகத்திலும் பில் தன் நாற்காலியில் அமர்ந்து சங்கீதங் கேட்டவாறே அமைதியாய் இறந்தான்.

புதிது புதிதாகப் பல தொழிலிற் புகுந்து பெயர் தேடுதல் ஒரு வழி. எடுத்த ஒன்றினையே நாள்தோறும் பிழையறச் செய்து, பிறர் அதனைத் தொழிலென்றே அறியாதவாறு நிறைவேற்றுதல் மற்றொரு வழி. பெயிண்டிங் தெரிந்தது பின்னதையே. கல்வி முடித்து வெளியேறும் மாணவர் இவ்விரண்டனுள் எதனைத் தெரியினும், பின்னதைச் சிறியதென்று கருதாதிருத்தல் நன்று.