மைதானத்தில் விழுந்த பன்றித் தலை! லூயிஸ் ஃபிகோவைத் தெரியுமா?

ரொனால்டோ என்றால் பள்ளிக்கூடப் பிள்ளைகூட 'போர்ச்சுகல்' என்று சொல்லிவிடும். ஆனால், அந்த ரொனால்டோ நாட்டின் சீனியர் அணிக்காக முதன்முதலில் களமிறங்கியபோது, யாரை உட்காரவைத்துவிட்டு இறக்கினார்கள் தெரியுமா? லூயிஸ் ஃபிகோவை! 2003 ஆகஸ்ட் 20. கஜகஸ்தானுக்கு எதிரான ஆட்டம். இடைவேளையில் ஃபிகோ வெளியே, 18 வயது ரொனால்டோ உள்ளே!

யார் இந்த ஃபிகோ? வலது ஓரத்தை ஆண்ட கால்பந்து மிட்ஃபீல்டர். பந்தைக் காலோடு வைத்துக்கொண்டு, தடுக்க வருபவரை இப்படியும் அப்படியும் ஆட்டிவைத்த மன்னர். இவருடைய ஆட்ட வாழ்க்கையைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் 'அட!' தான். ஆரம்பிக்கலாமா?

ஏப்ரல் 1-ல் அறிமுகம்!

முழுப்பெயர் லூயிஸ் ஃபிலிப்பே மடெய்ரா கயேய்ரோ ஃபிகோ. மூச்சு வாங்குகிறதா? பிறந்தது 1972 நவம்பர் 4. ஊர் அல்மாடா. லிஸ்பனிலிருந்து தேஜோ நதியைத் தாண்டினால் எதிர்க்கரை! தெருப் பசங்களின் குட்டி அணி ஒன்றில் உதைக்க ஆரம்பித்தவரை ஸ்போர்ட்டிங் லிஸ்பன் கிளப் சிறுவயதிலேயே அள்ளிக்கொண்டது. முதல் லீக் ஆட்டம் என்றைக்கு? 1990 ஏப்ரல் 1! வயது 17. முட்டாள்கள் தினத்தில் வந்தவர், அடுத்த 19 வருடங்கள் எத்தனை பேரை ஏமாற்றி ஓடப்போகிறார் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

பையன்கள் ஆட்டத்துக்கு 1,27,000 பேர்!

20 வயதுக்கு உட்பட்டோர் ஆட்டத்தைப் பார்க்க எவ்வளவு கூட்டம் வரும்? பத்தாயிரம்? இருபதாயிரம்? 1991 ஜூன் 30, லிஸ்பனின் பழைய லூஸ் மைதானம். ஜூனியர் உலகக் கோப்பை இறுதிப்போட்டி. போர்ச்சுகல் - பிரேசில். கூட்டம் 1,27,000! கோலே இல்லை. பெனால்டியில் 4-2 என்று போர்ச்சுகல் ஜெயித்தது. வெற்றி பெனால்டியை அடித்தவர் ரூய் கோஸ்டா. அணியில் இருந்த இன்னொரு நட்சத்திரம் ஃபிகோ. அந்தப் பையன்களுக்கு நாடே வைத்த பெயர், 'தங்கத் தலைமுறை'!

ஒரே ஆள், இரண்டு கையெழுத்து!

1995-ல் ஃபிகோவுக்கு இத்தாலியிலிருந்து வலை விரித்தார்கள். யுவென்டஸ் நீட்டிய தாளிலும் கையெழுத்து. பார்மா நீட்டிய தாளிலும் கையெழுத்து! விளைவு? இரண்டு கிளப்புக்கும் கிடைக்கவில்லை. இரண்டு வருடங்களுக்கு எந்த இத்தாலிய கிளப்பும் அவரை வாங்கக் கூடாது என்று தடை! இடையில் புகுந்து கொத்திக்கொண்டு போனது ஸ்பெயினின் பார்சிலோனா. விலை? சுமார் 22.5 லட்சம் பவுண்டுதான்! இந்தத் தொகையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தே வருடங்களில் தலை சுற்றப்போகிறது!

தலைமுடியில் கிளப்பின் வண்ணம்!

பார்சிலோனாவில் லீக் பட்டம் இரண்டு, ஸ்பெயின் மன்னர் கோப்பை இரண்டு, 1997-ல் ஐரோப்பியக் கோப்பை வென்றோர் கோப்பை. ஐந்து சீசன்களில் 172 லீக் ஆட்டங்கள்! ரசிகர்களுக்கு அவர் செல்லப்பிள்ளை. பட்டம் வென்ற கொண்டாட்டம் ஒன்றில் தலைமுடிக்கே கிளப்பின் நீல-சிவப்புச் சாயம் பூசிக்கொண்டு வந்தார். அதோடு விட்டாரா? பரம எதிரியான ரியல் மாட்ரிட்டை 'அழுமூஞ்சிகள்' என்று கேலி செய்து பாடினார்! பிறகு எந்த கிளப்புக்குப் போனார் என்கிறீர்கள்? அதே ரியல் மாட்ரிட்டுக்கு!

தேர்தல் வாக்குறுதியான ஆட்டக்காரர்!

தேர்தலில் சாலை போடுவோம், பாலம் கட்டுவோம் என்பார்கள். 'எதிரி கிளப்பின் நட்சத்திரத்தைத் தூக்கிவருவேன்' என்று வாக்குறுதி கொடுத்தவரைக் கேள்விப்பட்டதுண்டா? அவர்தான் ஃப்ளோரென்டினோ பெரெஸ்! 2000 ஜூலையில் ரியல் மாட்ரிட் தலைவர் தேர்தல். எதிரே நின்ற லொரென்சோ சான்ஸ் சாதாரண ஆள் இல்லை. அவர் தலைமையில் மாட்ரிட் மூன்று வருடங்களில் இரண்டு முறை ஐரோப்பியச் சாம்பியன்! அவரையும் வீழ்த்தியது ஃபிகோ வாக்குறுதி. சொன்னபடி செய்யாவிட்டால், கிளப் உறுப்பினர்களின் சீசன் டிக்கெட் செலவைத் தன் தலையில் ஏற்பதாகவும் பெரெஸ் சொல்லியிருந்தார்!

அதே தேதி, வேறு மைதானம்!

'ஜூலை 24-ம் தேதி பார்சிலோனாவின் காம்ப் நோ மைதானத்தில் இருப்பேன், கவலை வேண்டாம்' என்ற பொருளில் ரசிகர்களுக்குப் பத்திரிகை வழியே உறுதி கொடுத்தார் ஃபிகோ. ஜூலை 24 வந்தது. ஃபிகோவும் வந்தார். எங்கே? மாட்ரிட்டில்! வெள்ளை ஜெர்சி, எண் 10. கையில் கொடுத்தவர் மாட்ரிட்டின் பழம்பெரும் ஜாம்பவான் ஆல்ஃபிரெடோ டி ஸ்டெஃபானோ!

1,000 கோடி!

விலை? ஸ்பெயினின் அன்றைய நாணயத்தில் 1,000 கோடி பெசெட்டா! அன்றைய கணக்கில் ஏறக்குறைய 6 கோடி யூரோ. பார்சிலோனா கொடுத்த விலையைப் போல 15 மடங்குக்கும் மேல்! இது அன்றைய உலகச் சாதனை. அதற்கு முந்தைய சாதனை அர்ஜென்டினாவின் ஹெர்னான் கிரெஸ்போவுக்கு லாசியோ கொடுத்த விலை. அது எத்தனை நாள் நீடித்தது? அதே மாதத்திலேயே காலி! ஃபிகோவின் சாதனையும் ஒரு வருடம்தான். 2001-ல் பிரான்ஸின் ஜிடேனை வாங்கி அதை முறியடித்தது யார்? அதே பெரெஸ், அதே மாட்ரிட்!

காம்ப் நோவில் கோல் போட்டது யார்?

2000 அக்டோபர் 21. மாட்ரிட் ஜெர்சியில் ஃபிகோ முதன்முறையாகப் பார்சிலோனா மண்ணில்! 'யூதாஸ்', 'கூலிப்படை' என்று பதாகைகள். காது கிழியும் கூச்சல். நாணயம், லைட்டர், பாட்டில், செல்போன்... கைக்குக் கிடைத்ததெல்லாம் பறந்தது! ஃபிகோவை ஒட்டிக்கொண்டே திரியும் வேலை பார்சிலோனாவின் இளம் கார்லெஸ் புயோலுக்கு. பார்சிலோனா 2-0 வெற்றி. வேடிக்கை என்ன தெரியுமா? முதல் கோல் லூயிஸ் என்ரிகே. அவரே மாட்ரிட்டிலிருந்து பார்சிலோனாவுக்குத் தாவியவர்! இரண்டாவது கோல் சிமாவ். அவரும் போர்ச்சுகல்காரர், அவரும் ஸ்போர்ட்டிங் லிஸ்பனில் வளர்ந்தவர்!

பன்றித் தலை பறந்தது!

அடுத்த முறை இன்னும் மோசம். 2002 நவம்பர் 23. கார்னர் கிக் அடிக்க மூலைக்குப் போகிறார் ஃபிகோ. மேலேயிருந்து மழை! என்னென்ன விழுந்தன? விஸ்கி பாட்டில் ஒன்று. கூடவே... ஒரு பன்றிக் குட்டியின் தலை! ஆமாம், நிஜத் தலை! நடுவர் மெடினா கன்டலெஹோ இரு அணிகளையும் உள்ளே அழைத்துப் போய்விட்டார். ஏறக்குறைய கால் மணி நேரம் ஆட்டம் நின்றது. முடிவு? 0-0. ஸ்கோர் எவருக்கும் நினைவில்லை, பன்றித் தலை உலகத்துக்கே நினைவிருக்கிறது!

16 புள்ளியில் தங்கப்பந்து!

2000-ம் ஆண்டின் சிறந்த வீரருக்கான 'தங்கப்பந்து' விருது ஃபிகோவுக்கு. அவருக்கு 197 புள்ளி, இரண்டாம் இடம் வந்த ஜிடேனுக்கு 181! ஃபிகோவுக்கு முன் இதை வாங்கிய போர்ச்சுகல் வீரர் யார்? 1965-ல் யுசேபியோ. இடைவெளி 35 வருடங்கள்! மறுவருடம் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் உலகின் சிறந்த வீரர் விருதும் ஃபிகோ வீட்டுக்கே. 2002-ல் மாட்ரிட்டோடு ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் கோப்பையும் கைக்கு வந்தது!

கால் இடுக்கில் நுழைந்த கோல்!

ஐரோப்பிய நாடுகள் மோதும் யூரோ 2000. இங்கிலாந்துக்கு எதிராக 18 நிமிடத்திலேயே போர்ச்சுகல் 0-2 பின்னடைவு. கதை முடிந்ததா? 22-வது நிமிடம் தூரத்திலிருந்து ஃபிகோ ஒரு உதை! இங்கிலாந்தின் டோனி ஆடம்ஸின் கால்களுக்கு நடுவே புகுந்து வலைக்குள் பாய்ந்தது பந்து. கடைசியில் 3-2, போர்ச்சுகல் வெற்றி! அன்று இங்கிலாந்தின் இரண்டாவது கோலை அடித்தவர் ஸ்டீவ் மெக்மனமன். சில வாரங்களில் அவரும் ஃபிகோவும் ஒரே அணி, மாட்ரிட்!

வெளியே போனார்... கோல் வந்தது!

யூரோ 2004 காலிறுதி. மறுபடியும் இங்கிலாந்து! பின்னடைவில் இருந்த போர்ச்சுகல், 75-வது நிமிடத்தில் கேப்டன் ஃபிகோவையே வெளியே எடுத்தது. நாடே அதிர்ந்தது. உள்ளே போன ஹெல்டர் போஸ்டிகா என்ன செய்தார்? 83-வது நிமிடத்தில் கோல்! ஆட்டம் பெனால்டிக்குப் போனது. கோல்கீப்பர் ரிகார்டோ கையுறையைக் கழற்றிவிட்டு வெறுங்கையால் ஒன்றைத் தடுத்தார். பிறகு அவரே வந்து வெற்றி கோலையும் அடித்தார்!

துரத்தி வந்த கொடி!

அதே யூரோவின் இறுதிப்போட்டி, புதிய லூஸ் மைதானம். 1991-ல் பையனாகக் கோப்பை தூக்கிய பழைய லூஸுக்குப் பதிலாகக் கட்டியது! எதிரே கிரீஸ். தொடரின் முதல் ஆட்டத்தில் போர்ச்சுகல்லைத் தோற்கடித்த அதே கிரீஸ், கடைசி ஆட்டத்திலும் 1-0 என்று தோற்கடித்தது! நடுவில் ஒரு கூத்து. பார்வையாளர் ஒருவர் மைதானத்துக்குள் குதித்து ஓடிவந்து ஃபிகோ மீது எதையோ வீசினார். என்ன தெரியுமா? பார்சிலோனா கொடி! நான்கு வருடங்கள் ஆகியும் ஆறவில்லை பாருங்கள்!

மொழிபெயர்ப்பாளர், உதவியாளர், தலைமைப் பயிற்சியாளர்!

90-களின் தொடக்கத்தில் ஸ்போர்ட்டிங் லிஸ்பனுக்குப் பயிற்சியாளராக வந்தவர் இங்கிலாந்தின் பாபி ராப்சன். அவர் பேச்சை வீரர்களுக்கு மொழிபெயர்த்துச் சொன்ன இளைஞர் ஜோஸே மொரினியோ! 1996-ல் பார்சிலோனாவிலும் ராப்சனோடு வந்து நின்றார். 2008-ல் இன்டர் மிலானில்? ஃபிகோவின் தலைமைப் பயிற்சியாளரே மொரினியோதான்! இன்னொருவர் கார்லோஸ் கெய்ரோஸ். ஜூனியர் அணி, சீனியர் தேசிய அணி, ஸ்போர்ட்டிங், ரியல் மாட்ரிட் என்று நான்கு அணிகளில் ஃபிகோவுக்குப் பயிற்சியாளர்!

1,000 கோடியிலிருந்து பூஜ்யம்!

2005-ல் மாட்ரிட் ஃபிகோவை இன்டர் மிலானுக்கு அனுப்பியது. எவ்வளவுக்கு? இலவசமாக! ஒருகாலத்தில் வாசலை அடைத்த அதே இத்தாலியில் நான்கு சீசன் ஆடினார். நான்கு சீசனும் லீக் பட்டம் இன்டருக்கே! 2009 மே 31, கடைசி ஆட்டம். நான்கு கிளப்புகளுக்குமாக 570 லீக் ஆட்டங்கள், 93 கோல்கள்!

ஒரு ஆட்டம், 20 அட்டைகள்!

2006 உலகக் கோப்பை, நூரம்பெர்க் நகரம். போர்ச்சுகல் - நெதர்லாந்து. மஞ்சள் அட்டை 16, சிவப்பு அட்டை 4! கேப்டன் ஃபிகோவும் தலையால் முட்டி ஒரு மஞ்சள் வாங்கினார். அப்போது பார்சிலோனாவில் ஒன்றாக ஆடிய டெகோவும் வான் பிராங்க்ஹோர்ஸ்ட்டும் எதிரெதிர் அணிகளில் இருந்து சிவப்பு வாங்கி, வெளியே பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள்! இந்தக் கலாட்டாவிலும் ஜெயித்தது போர்ச்சுகல், 1-0.

சாதனையை உடைத்த நாளில் பெனால்டி போச்சு!

தேசிய அணிக்கு 127 ஆட்டங்கள், 32 கோல்கள். ஃபிகோ விடைபெற்ற பிறகுதான் எண் 7 ஜெர்சி ரொனால்டோவுக்குக் கிடைத்தது. அதுவரை அவர் 17! 127 என்ற சாதனையை 10 வருடங்கள் கழித்து, 2016 ஜூன் 18 அன்று ஆஸ்திரியாவுக்கு எதிராக முறியடித்தவரும் ரொனால்டோதான். அன்றைக்கு அவருக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. கோலா? இல்லை, கம்பத்தில் பட்டுத் திரும்பியது!

ஃபிஃபா தலைவர் நாற்காலி!

2015-ல் ஃபிஃபா தலைவர் தேர்தலில் அப்போதைய தலைவர் பிளாட்டரை எதிர்த்து நின்றார் ஃபிகோ! மே 21-ல் விலகிக்கொண்டார். ஆறே நாளில் சூரிக்கில் ஃபிஃபா அதிகாரிகள் கைது! மே 29-ல் பிளாட்டர் ஜெயித்தார். ஜூன் 2-ல் பதவி விலகுவதாக அறிவித்தார். நான்கே நாள்!

சென்னைக்கும் ஃபிகோவுக்கும் என்ன தொடர்பு?

இருக்கிறது! அணிக்கு ஐந்து பேர் மட்டும் உள்ளரங்கில் ஆடும் 'ஃபுட்சால்' ஆட்டத்துக்காக இந்தியாவில் தொடங்கிய பிரீமியர் ஃபுட்சால் போட்டியின் தலைவராக இருந்தவர் ஃபிகோ! 2016 ஜூலையில் முதல் சீசன் தொடங்கியது சென்னை நேரு உள்விளையாட்டு அரங்கில். அதன் பாடலுக்கு இசை நம்ம ஏ.ஆர்.ரஹ்மான், பாடியவர் விராட் கோலி! ஆட வந்த நட்சத்திரங்களில் ஒருவர் யார் தெரியுமா? ஹெர்னான் கிரெஸ்போ! 2000-ல் யாருடைய விலைச் சாதனையை ஃபிகோ உடைத்தாரோ, அதே கிரெஸ்போ!