நைட்ரேட்டுக்கு வந்த மவுசு

அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில், பண்ணை வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் பால் கலந்து கொடுக்கப்பட்ட கைக்குழந்தைகள் உடம்பெல்லாம் நீலம் பாரித்து ஆஸ்பத்திரிக்கு வந்தன. தண்ணீரில் இருந்த நைட்ரேட்தான் காரணம் என்று 1945-இல் எழுதினார் ஹண்டர் காம்லி என்ற மருத்துவர். நைட்ரேட் குழந்தையின் வயிற்றில் நைட்ரைட்டாக மாறுகிறது. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினை ஆக்ஸிஜன் சுமக்க விடாமல் கெடுத்துவிடுகிறது. 1956-இல் பிரிட்டனில் மகீ, பார்ன்ஸ் இருவரும் நைட்ரோசமைன் வகைப் பொருள் ஒன்று எலிகளின் ஈரலில் புற்றுநோயை உண்டாக்குவதைக் காட்டினார்கள். நைட்ரைட்டிலிருந்து அந்த வகைப் பொருட்கள் உருவாகலாம் என்று தெரிந்ததும் நைட்ரேட்டின் பெயர் அடியோடு கெட்டது. குடிதண்ணீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தியத் தரக் கட்டுப்பாடு இன்னும் கறார்: 45.

இன்று அதே நைட்ரேட், 70 மில்லிலிட்டர் புட்டியில் அடர் பீட்ரூட் சாறாக, மாரத்தான் ஓடுகிறவர்களின் பையில் இருக்கிறது. ஒரு புட்டியில் சுமார் 400 மில்லிகிராம். உடல் எடை கிலோவுக்கு 3.7 மில்லிகிராம் என்பதுதான் தினசரி வரம்பாக நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது. 70 கிலோ ஆளுக்குக் கணக்குப் போட்டால் 259. ஒரே மடக்கில் வரம்பைத் தாண்டிவிடுகிறார் ஓட்டக்காரர். அதுவும் பயிற்சியாளர் கையால் வாங்கி!

நடுவில் நடந்ததுதான் சுவாரஸ்யம். 1994-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே ஒன்றைக் கண்டன: எச்சிலில் உள்ள நைட்ரைட், வயிற்று அமிலத்தில் பட்டு நைட்ரிக் ஆக்ஸைடாக மாறுகிறது. ரத்தக் குழாயை விரித்துக் கொடுக்கும் வாயு அது. அதைப் பற்றிய கண்டுபிடிப்புக்குத்தான் 1998-இல் மருத்துவ நோபல் பரிசு. நாம் தின்னும் நைட்ரேட்டில் ஏறக்குறைய கால் பங்கை உமிழ்நீர்ச் சுரப்பிகள் ரத்தத்திலிருந்து இழுத்து வாய்க்கே திருப்பி அனுப்புகின்றன. அங்கே நாக்கின் பின்புறம் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. கிருமிநாசினி மவுத்வாஷால் வாய் கொப்பளித்துவிட்டுப் பீட்ரூட் சாறு குடித்தால் பெரும்பாலும் காசுக்குக் கேடு.

2007-இல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா ஆய்வாளர்கள் ஒன்பது பேருக்கு மூன்று நாள் சோடியம் நைட்ரேட் கொடுத்து சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். அதே மிதிப்புக்கு நிமிடத்துக்கு 2.98 லிட்டர் ஆக்ஸிஜன் செலவானது 2.82 லிட்டராகக் குறைந்தது. குறிப்பிட்ட வேலைக்கு இவ்வளவு ஆக்ஸிஜன் என்பது மாறாத கணக்கு என்றுதான் அதுவரை பாடம். ஒரு காலத்தில் ஆக்ஸிஜனைத் திருடும் பொருளென்று பெயர் வாங்கியது, இப்போது ஆக்ஸிஜனை மிச்சம் பிடிக்கிறது.

இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ ஜோன்ஸ் குழுவினர் சோடியம் நைட்ரேட் உப்பை விட்டுவிட்டுப் பீட்ரூட்டைப் பிடித்தார்கள். 2009 ஆய்வில் எட்டு ஆண்கள், ஆறு நாள், தினம் அரை லிட்டர் சாறு. கடும் மிதிப்பில் சராசரியாக 583 விநாடியில் ஓய்ந்துபோனவர்கள் 675 விநாடி தாக்குப்பிடித்தார்கள். ஒப்பீட்டுக்குக் கொடுத்தது பிளாக்கரன்ட் பழச்சாறு. எது பீட்ரூட் என்று நாக்குக்குத் தெரியாதா என்ன? அந்தக் குறையைத் தீர்க்க, சாற்றிலிருந்து நைட்ரேட்டை மட்டும் பிசின் வழியாக வடித்தெடுத்து, நிறமும் மணமும் ருசியும் அப்படியே இருக்கும் போலிச் சாறு தயாரித்தார்கள். அதை வைத்து 2011-இல் நடத்திய சோதனையில், 16.1 கிலோமீட்டரை சைக்கிளில் கடக்க ஆன 27.7 நிமிடம் 26.9 நிமிடமானது. எனக்கு, 583 விநாடி 675 ஆன அந்த 16 சதவீதக் கணக்கைவிட இந்த முக்கால் நிமிடத்தின் மீதுதான் நம்பிக்கை. ஓயும்வரை மிதிப்பது பந்தயம் அல்ல. முந்தி வருவதுதான் பந்தயம்.

1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக் மாரத்தானில் தாமஸ் ஹிக்ஸுக்கு வழியில் ஸ்ட்ரிக்னைன் விஷமும் முட்டை வெள்ளையும் பிராந்தியும் கொடுத்து ஓட வைத்தார்கள். அவர் ஜெயிக்கவும் செய்தார். அதற்குப் பீட்ரூட் எவ்வளவோ மேல். தடைப் பட்டியலிலும் இல்லை. 2018-இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் நிபுணர் அறிக்கை, சான்று உள்ள விரல்விட்டு எண்ணக்கூடிய துணை உணவுகளில் காஃபின், கிரியேட்டினோடு நைட்ரேட்டையும் சேர்த்தது: போட்டிக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு, 310 முதல் 560 மில்லிகிராம்.

விளம்பரம் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. பலன் தெளிவாகத் தெரிவது நடுத்தரப் பயிற்சி உள்ளவர்களிடம்தான். உச்சத்தில் இருக்கும் வீரர்களிடம் செய்த பல சோதனைகளில் ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை; அவர்கள் உடம்பே ஏற்கெனவே போதிய நைட்ரிக் ஆக்ஸைடைத் தயாரித்துக்கொள்வது காரணமாக இருக்கலாம். ஆக, பதக்கம் வென்றவர் படத்தைப் போட்டு விற்கப்படும் புட்டி, அவரைவிட ஞாயிற்றுக்கிழமை பூங்காவைச் சுற்றி ஓடுகிறவருக்கே அதிகம் உதவும்.

அவருக்கும் புட்டிதான் வேண்டும் என்றில்லை. தண்டுக்கீரை, பசலை, முள்ளங்கி எல்லாவற்றிலும் நைட்ரேட் தாராளமாக இருக்கிறது. அவற்றைக் கொதிக்க வைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டால் நைட்ரேட்டில் கணிசமான பகுதி போய்விடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். பீட்ரூட் குடித்த மறுநாள் சிறுநீர் சிவந்தால் பதற வேண்டாம். ஆனால் ரசாயனக் கடையில் நைட்ரேட், நைட்ரைட் உப்பை வாங்கி வீட்டில் கரைத்துக் குடிக்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். சில கிராம் சோடியம் நைட்ரைட் உயிரைக் குடித்துவிடும்.