தீர்ப்பும் தலைமுறையும் – 7: ஏலியின் வீட்டில் கிழவர் இல்லை

இஸ்ரவேலரின் ஆலயம் இருந்த சீலோவில் பலியிட வருகிறவர்களுக்கு ஒரு முறை இருந்தது. ஆட்டை அறுத்ததும் முதலில் கொழுப்பைப் பலிபீடத்தில் எரித்துவிட வேண்டும். அது கடவுளின் பங்கு. நெஞ்சுக்கறியும் வலது தொடையும் ஆசாரியருக்கு. மிச்சத்தை வேகவைத்துக் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடலாம்.

தலைமை ஆசாரியர் ஏலியின் பிள்ளைகள் ஓப்னியும் பினெகாசும் இந்தக் கணக்கை மதிக்கவில்லை. கறி கொதித்துக்கொண்டிருக்கும்போதே அவர்களுடைய வேலைக்காரன் மூன்று பல் உள்ள ஒரு கொக்கியோடு வந்து நிற்பான். சட்டியோ, கொப்பரையோ, உள்ளே விட்டுக் குத்துவான். மாட்டியதெல்லாம் எஜமானுக்கு. பிறகு அதுவும் போதவில்லை. வெந்த கறி வேண்டாம், வாட்டிச் சாப்பிடப் பச்சைக் கறியாகவே கொடு என்றார்கள். 'கொழுப்பு எரியட்டும் ஐயா, அப்புறம் வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்' என்று வந்தவன் கெஞ்சினால், இப்போதே தருகிறாயா, பிடுங்கிக்கொள்ளட்டுமா என்பதுதான் பதில். கூடாரத்து வாசலில் பணிசெய்த பெண்களையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை.

ஊர் முழுக்கப் புகார். ஏலி பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கண்டித்தார். அதோடு சரி. வேலையை விட்டு நீக்கவில்லை. கடவுளின் பங்கிலிருந்து எடுத்த கறி அவர் தட்டிலும் விழுந்தது என்பதை வேதம் நாசூக்காகச் சொல்லவில்லை. முகத்துக்கு நேரே சொல்கிறது. என்னைவிட உன் பிள்ளைகளை மதித்தாய், பலியில் நல்லதைத் தின்று நீங்கள் எல்லாரும் கொழுத்தீர்கள் என்பதே குற்றச்சாட்டு. கொண்டுவந்தவர் பெயர் சொல்லாத ஒரு தீர்க்கதரிசி. தண்டனை நாலு பகுதி. உன் வீட்டில் இனி யாரும் கிழவராகமாட்டார்கள்; வாலிபத்திலேயே சாவார்கள். உன் இரண்டு பிள்ளைகளும் ஒரே நாளில் சாவார்கள். உன் இடத்துக்கு உண்மையுள்ள வேறொரு ஆசாரியன் வருவான். மிஞ்சுகிறவர்கள் அவன் வீட்டு வாசலில் ஒரு வெள்ளிக்காசுக்கும் ஒரு துண்டு அப்பத்துக்கும் கும்பிட்டு நின்று, ஏதாவது ஒரு வேலை கொடுங்கள் என்பார்கள்.

கறியைக் கொக்கி போட்டு எடுத்தவர்களின் வாரிசுகள் அப்பத்துக்குக் கையேந்த வேண்டும். தண்டனையை எழுதியவருக்கு நகைச்சுவை உணர்வு கொஞ்சம் கொடூரமாகத்தான் இருந்திருக்கிறது.

இரண்டாம் முறை இதே செய்தி சிறுவன் சாமுவேல் வழியாக வந்தது. இரவில் கூப்பிடும் குரல் ஏலியுடையது என்று நினைத்து அவன் எழுந்து எழுந்து ஓடிய கதை ஞாயிறு பள்ளியில் எல்லோருக்கும் சொல்லித் தருவார்கள். அந்தக் குரல் என்ன சொன்னது என்பதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். ஏலி வீட்டின் குற்றம் பலியினாலோ காணிக்கையினாலோ என்றைக்கும் கழியாது என்பதுதான் அந்தச் செய்தி. பையன் விடியும் வரை படுத்திருந்தான். எழுந்து வழக்கம்போல ஆலயக் கதவுகளைத் திறந்தான். சொல்லப் பயம். கண்பார்வை மங்கிய கிழவரே அவனை வற்புறுத்திக் கேட்டார். ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். ஏலி எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் கர்த்தர், தமக்கு நலமானதைச் செய்யட்டும் என்கிற மாதிரிச் சொல்லிவிட்டார். இந்தப் பதிலைப் பக்தி என்று பாராட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிள்ளைகளிடம் காட்டிய அதே சோர்வைத்தான் கடவுளிடமும் காட்டுகிறார்.

அடுத்து நடந்தது வேகமாக நடந்தது. பெலிஸ்தரோடு போர். முதல் நாள் தோல்வியில் 4,000 பேர் விழுந்தார்கள். உடன்படிக்கைப் பெட்டியைக் களத்துக்குக் கொண்டுபோனால் வெல்லலாம் என்று சீலோவிலிருந்து தூக்கிப் போனார்கள். கூடவே ஓப்னியும் பினெகாசும் போனார்கள். இந்த முறை விழுந்தவர்கள் 30,000 என்கிறது சாமுவேல் நூல். பெட்டியும் பறிபோனது. 98 வயது ஏலி வழியோரத்தில் இருக்கை போட்டு உட்கார்ந்திருந்தார். கிழிந்த சட்டையும் தலையில் மண்ணுமாக ஓடிவந்தவன் வரிசையாகச் சொன்னான்: இஸ்ரவேலர் ஓடிவிட்டார்கள், பெரும் சாவு, உங்கள் பிள்ளைகள் இருவரும் போய்விட்டார்கள், பெட்டி பிடிபட்டது. பிள்ளைகள் செத்ததைக் கேட்டபோது அவர் அசையவில்லை. பெட்டி என்ற சொல்லைக் கேட்டதும் பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்தார். உடம்பு கனம், கழுத்து முறிந்து செத்தார். பினெகாசின் மனைவி அந்த அதிர்ச்சியில் பிரசவித்து, குழந்தைக்கு இக்கபோத் என்று பேர் வைத்துவிட்டு இறந்தாள்.

சீலோ என்ன ஆனது என்பதைச் சாமுவேல் நூல் சொல்வதே இல்லை. சீலோ இருந்த இடமான, எருசலேமுக்கு வடக்கே சுமார் 30 கிலோமீட்டரில் உள்ள கிர்பெத் செய்லூன் மேட்டில் 1920-களிலும் 30-களிலும் டென்மார்க் ஆய்வாளர்களும், 1981 முதல் இஸ்ரேல் ஃபிங்கெல்ஸ்டைன் குழுவும் தோண்டினார்கள். கடும் தீயில் இடிந்து விழுந்த கட்டடத்துக்குள் பெரிய சேமிப்பு ஜாடிகள் வரிசையாகக் கிடைத்தன. காலம் கி.மு. 11-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. பெலிஸ்தரே எரித்தார்கள் என்பது பலருடைய முடிவு.

ஏலியின் வம்சம் ஆனால் அங்கே முடியவில்லை. இறந்துபோன பினெகாசுக்கு அகிதூப் என்று இன்னொரு மகன் உண்டு. அகிதூபின் மகன் அகிமெலேக்கு எருசலேம் பக்கத்து நோபு ஊரில் ஆசாரியர். சவுல் ராஜாவுக்குப் பயந்து ஓடிக்கொண்டிருந்த தாவீது பசியோடு அவர் முன்னால் வந்து, ராஜாவின் ரகசிய வேலையாக வந்திருக்கிறேன் என்று பொய் சொன்னான். அகிமெலேக்கு நம்பி, சன்னிதியிலிருந்து எடுத்த அப்பத்தையும் கோலியாத்தின் வாளையும் கொடுத்து அனுப்பினார். ஏதோமியனான தோவேக்கு அங்கே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவன் போய்ச் சவுலிடம் வத்தி வைத்தான்.

சவுல் எல்லா ஆசாரியர்களையும் வரவழைத்தான். தாவீது உங்கள் மருமகன், உங்களுக்கு அவனைப்போல் விசுவாசமானவன் யார், எனக்கு வேறொன்றும் தெரியாது என்றார் அகிமெலேக்கு. சொன்னது சத்தியம். வெட்டுங்கள் என்று சவுல் தன் காவலர்களுக்குக் கட்டளையிட்டான். ஒருவரும் கையை ஓங்கவில்லை. தோவேக்கு ஓங்கினான். அன்று சணல்நூல் ஏபோத்து உடுத்திய 85 பேர் செத்தார்கள். பிறகு நோபு ஊரே, பால்குடிக் குழந்தைகள் உட்பட.

இந்த 85 பேர் யாருடைய கொக்கியையும் தொட்டவர்கள் அல்ல. தண்டனை வாசகத்தில் சொன்னபடியே ஏலி வீட்டார் வயதாகாமல் சாகிறார்கள். எழுதியவர் நினைத்திருந்தால் இதோ நிறைவேறியது என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை. இந்த மௌனத்தை நான் முக்கியமாக நினைக்கிறேன். எபிரேய வேதத்தில் தீர்ப்பைச் சொல்கிறவர் கடவுள். அது நிறைவேறுவது பெரும்பாலும் சொந்தப் பகையும் பயமும் உள்ள மனிதர்கள் கையால். நிறைவேற்றியதால் அவர்கள் கை சுத்தமாகிவிடுவதில்லை. தோவேக்கு கடவுளின் கருவி என்று அந்த நூல் ஒரு இடத்திலும் சொல்லவில்லை. தப்பி ஓடிவந்த அகிமெலேக்கின் மகன் அபியத்தாரிடம் தாவீதும் ஏலியின் சாபத்தைக் காட்டித் தப்பிக்கவில்லை. தோவேக்கை அங்கே பார்த்தபோதே எனக்குத் தெரியும், உன் தகப்பன் வீட்டார் எல்லாரும் சாகக் காரணம் நான்தான் என்று ஒப்புக்கொண்டான்.

அபியத்தார் அன்று முதல் தாவீதின் கூடவே இருந்தார். காட்டிலும் குகையிலும், பிறகு அரண்மனையிலும். ராஜாவாகிக் கிழவனான தாவீது சாகும் தறுவாயில் அவர் தவறான பக்கத்தில் சேர்ந்துவிட்டார். தாவீதின் பிள்ளைகளில் மூத்தவன் அதோனியாவே அடுத்த ராஜா என்று படைத்தலைவன் யோவாபும் அவரும் முடிவுகட்டினார்கள். முடி தம்பி சாலொமோன் தலையில் ஏறியது. அதோனியா கொல்லப்பட்டான், யோவாப் பலிபீடத்தின் கொம்பைப் பிடித்துக்கொண்டும் தப்பவில்லை. அபியத்தாரை மட்டும் சாலொமோன் உயிரோடு விட்டான். நீ சாக வேண்டியவன், ஆனால் என் தகப்பனோடு கஷ்டப்பட்டவன், ஆனதோத்தில் உன் வயலுக்குப் போ என்று அனுப்பினான். அவர் இடத்துக்குச் சாதோக்கு என்ற ஆசாரியன் வந்தான்.

இங்கேதான், நோபுவில் பேசாமல் இருந்த எழுத்தாளர் வாய் திறக்கிறார்: சீலோவில் ஏலி வீட்டைக் குறித்துச் சொன்னது இப்படி நிறைவேறியது. ஒரு படுகொலையில் அல்ல, அரண்மனை அரசியலில் வேலை போனதில். சாலொமோனுக்கும் இது வசதியான விளக்கம் என்பதை மறந்துவிட வேண்டாம். சாதோக்கின் வாரிசுகளே பல நூற்றாண்டுகள் எருசலேம் ஆலயத்தைக் கையில் வைத்திருந்தார்கள். கி.மு. 622-இல் யோசியா ராஜா வெளியூர்ப் பலிபீடங்களை மூடியபோது அங்கிருந்த ஆசாரியர்கள் எருசலேம் பலிபீடத்துக்கு ஏற முடியாமல், புளிப்பில்லா அப்பத்தை மட்டும் சாப்பிட்டார்கள். அப்பத்துண்டு பற்றிய தண்டனை வரி அந்த நிலைமையை மனதில் வைத்துச் சேர்க்கப்பட்டிருக்கலாம் என்று வேத ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

ஆனதோத் எருசலேமிலிருந்து நடந்து போகிற தூரம். அந்த ஊர் ஆசாரியக் குடும்பத்தில்தான் எரேமியா பிறந்தார். அவர் அபியத்தார் வழி வந்தவர் என்று வேதம் நேராகச் சொல்வதில்லை. ஊரை வைத்து ஆய்வாளர்கள் ஊகிக்கிறார்கள். கி.மு. 609 வாக்கில் அவர் எருசலேம் ஆலய வாசலில் நின்று, சீலோவுக்குப் போய்ப் பாருங்கள், அதற்கு நான் செய்ததை இந்த ஆலயத்துக்கும் செய்வேன் என்று கடவுள் பெயரால் சொன்னபோது, சாதோக்கின் ஆட்கள் முன்னால் ஏலியின் ஊரைச் சொல்லிக்காட்டினார். கூட்டம் அவரைக் கொல்லவே பார்த்தது. 586-இல் பாபிலோனியர் ஆலயத்தை எரித்தார்கள். அதற்கு முன் நகரம் முற்றுகையில் இருந்தபோது எரேமியா ஆனதோத்தில் தன் பெரியப்பன் மகனின் வயலை 17 வெள்ளிச் சேக்கலுக்கு வாங்கிப் பத்திரம் எழுதி வைத்தார். அப்பன்மார் புளிப்புத் திராட்சை தின்ன, பிள்ளைகளுக்குப் பல் கூசுகிறது என்று அந்நாளில் ஊர் முழுக்க ஒரு பழமொழி ஓடியது. இனி அதை யாரும் சொல்லமாட்டார்கள், அவனவன் குற்றத்துக்கு அவனவனே சாவான் என்று எழுதியதும் இதே எரேமியாதான். பதவி பறித்து அனுப்பப்பட்ட ஒரு குடும்பத்தின் ஊரிலிருந்து அந்தக் குரல் வந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை.

ஆனாலும் ஏலியின் வாசகம் பழமொழியைப் போல வழக்கொழிந்து போகவில்லை. எருசலேமில் ஒரு குடும்பத்தில் பிள்ளைகள் 18 வயதில் செத்துக்கொண்டே இருந்தார்களாம். ரோமர் காலத்து யூத வேத அறிஞர் யோகனான் பென் சக்காயிடம் வந்து கேட்டார்கள். நீங்கள் ஏலி வழியாக இருக்கலாம், போய் வேதம் படியுங்கள் என்றார். படித்தார்கள், பிழைத்தார்கள், அந்த வீட்டுக்கு அவர் பேரையே வைத்தார்கள். இது பாபிலோனியத் தல்மூதின் ரோஷ் ஹஷானா பகுதியில் இருக்கிறது.

அதே பக்கத்தில் பாபிலோனிய அறிஞர்கள் ரப்பாவும் அபயேயும் ஏலி வீட்டார் என்று சொல்லப்படுகிறது. அபயேயின் தகப்பன் அவர் கருவில் இருந்தபோதும், தாய் அவரைப் பெற்றபோதும் இறந்தவர்கள். இந்த இரு அறிஞர்களும் தீர்ப்பை ஒரு வக்கீலைப் போல வாசித்தார்கள். பலியாலும் காணிக்கையாலும் கழியாது என்றுதானே எழுதியிருக்கிறது. வேதப்படிப்பால் கழியும் என்றார் ரப்பா. படிப்போடு பிறருக்கு உதவியும் சேர்ந்தால் கழியும் என்றார் அபயே. படிப்பில் மட்டும் மூழ்கிய ரப்பா 40 வயது வாழ்ந்தாராம். படித்து, உதவியும் செய்த அபயே 60. யூத மரபின் பழைய வயதுக் கணக்கை மிஷ்னாவின் 'அவோத்' நூல் ஒரு பட்டியலாகத் தருகிறது. அதன்படி முதுமை தொடங்குவது 60-இல்.

(தொடரும்)